முதுகுப் பக்கத்துத் தையல்

மனிதர்களுக்கு முதுகு என்று ஒன்று இருப்பதே பாதி நேரம் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. படம் எடுத்தால் முகத்தை எடுக்கிறோம், புகழ்ந்தால் முகத்துக்கு நேரே புகழ்கிறோம். முதுகுக்குக் கிடைப்பதெல்லாம் புறம்பேச்சுதான். சிலைகளின் பாடு இன்னும் மோசம். அருங்காட்சியகத்தில் ஒரு சிலையைச் சுவரோரமாக நிறுத்திவிட்டால், அதன் முதுகோடு அப்புறம் பழகுவது பல்லியும் தூசி தட்டுகிறவரும் மட்டுமே. இது அந்தத் தூசி தட்டுகிறவரின் கதை.

அவளை எல்லாரும் ஊசியக்கா என்று கூப்பிடுவார்கள். சீருடைக் காலரின் உட்புறம் நூல் கோத்த ஊசி ஒன்று எப்போதும் குத்தியிருக்கும். காவலாளியின் பொத்தான் அறுந்தாலும், பார்க்க வந்தவரின் பை பிய்ந்தாலும், கேட்பதற்கு முன்னாலேயே தைத்துக் கொடுத்துவிடுவாள். பழக்கதோஷம். அதற்கு முன் பதினெட்டு வருடம் ஆயத்தச் சட்டைத் தொழிற்சாலை ஒன்றில் காலர் தைத்தவள். காலர் மட்டும்தான். கை ஒருத்தி தைப்பாள், பை ஒருத்தி தைப்பாள், முழுச் சட்டையை எங்கோ வேறு மாடியில் ஒன்று சேர்ப்பார்கள். ஒருநாள் தொழிற்சாலையை மூடினார்கள். முப்பத்தெட்டு வயதில் அருங்காட்சியகத்தின் கிழக்குக் கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தாள். காலையில் சிலைகளைத் துடைக்க வேண்டும், பிறகு நாற்காலியில் உட்கார்ந்து பார்வையாளர்களைத் தொடவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உலகத்திலேயே சுலபமான வேலை என்று பஸ் ஓட்டும் அவளுடைய கணவர் சொல்வார். அவருக்கு நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற எந்த வேலையும், தன்னுடையதைத் தவிர, சுலபம்தான்.

கிழக்குக் கூடம் முழுக்கப் புத்தர்கள். ஆசியாவின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் வந்து சேர்ந்தவர்கள். முதல் வாரம் ஊசியக்காவுக்கு எல்லாரும் ஒரே ஆள் மாதிரிதான் தெரிந்தார்கள். முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் துணியைப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் கூடமே அவளுக்குப் பிடிபட்டது. குளிர்மலை நாட்டுப் புத்தருக்குக் கம்பளி கனத்தில் ஆடை, மடிப்பெல்லாம் கயிறு கயிறாக. வெயில் சமவெளிக்காரருக்கு நனைத்துப் பிழிந்தது போன்ற மெல்லிய துணி, உடம்போடு ஒட்டிக் கிடந்தது. சீனத்துக்காரர் நெஞ்சில் முடிச்சு போட்டுக் கட்டியிருந்தார். ஜப்பானிலிருந்து வந்த மரச்சிலையில் பெரிய மடிப்பு ஒன்று, சின்ன மடிப்பு ஒன்று என்று அலை அலையாக இறங்கியது. அதைச் செதுக்கிய ஆளின் கையைப் பிடித்து முத்தம் கொடுக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. கண், மூக்கு, உதடு எல்லாம் போன போன நாட்டுக்குத் தக்கபடி மாறியிருந்தன. துணியைச் சுற்றி இடது தோளில் போடும் வழக்கம் மட்டும் பாலைவனத்தையும் கடலையும் தாண்டிக் கூடவே நடந்து போயிருந்தது.

கூடத்தின் விளக்கப் பலகைகளில் ஒன்றை அவள் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறாள். தொடக்கத்தில் துறவிகள் குப்பைமேட்டிலும் சுடுகாட்டிலும் கிடந்த கந்தலைப் பொறுக்கி, துவைத்து, சாயமேற்றித் தைத்து உடுத்தார்களாம். எப்படித் தைப்பது என்ற கேள்வி வந்தபோது, வரப்பு போட்ட வயல்களைக் காட்டி, இந்த மாதிரி கட்டம் கட்டமாகத் தையுங்கள் என்று அவர்களுடைய ஆசான் சொன்னதாக மரபு. பிற்காலத்தில் தூர தேசங்களில் பணக்காரர்கள் உயர்ந்த பட்டுத்துணியைக் காணிக்கையாகக் கொடுத்தபோதும், அதை முதலில் துண்டு துண்டாக வெட்டி, பிறகுதான் சேர்த்துத் தைத்தார்களாம்.

இதை வீட்டில் சொன்னபோது கணவர் சிரித்தார். "நல்ல பட்டை வெட்டிட்டு மறுபடி தைக்கறதா? இதுக்குப் பேருதான் வேலையத்த வேலை."

"வெட்டிட்டா அது மேல ஆசை போயிடும்ல. திருடனும் எடுக்க மாட்டான்" என்றாள் ஊசியக்கா.

சொல்லிவிட்டாளே தவிர, அவள் மனசு வேறெங்கோ இருந்தது. ஒரு புள்ளி பிசகினால் காலரைத் தூக்கி எறிகிற மேற்பார்வையாளர்களிடம் அத்தனை வருடம் பாட்டு வாங்கியவள் அவள். ஒட்டுப்போட்ட துணியையே உயர்ந்த துணி என்று சொல்ல ஒரு கூட்டம் இருந்திருக்கிறது, அந்தப் பேச்சை அரை உலகம் கேட்டிருக்கிறது என்பதில் அவளுக்கு அப்படியொரு சந்தோஷம்.

இனி இரண்டு சிலைகளைச் சொல்ல வேண்டும். தெற்குச் சுவரில் இடுப்போடு உடைந்த ஒரு புத்தர் நின்றார். தலை உண்டு, மார்பு உண்டு, வலது கை இல்லை. முன்பக்கம் முழுக்க நீர்வளையம் மாதிரி மடிப்புகள். சிமெண்ட் மேடையில் உட்காரவைத்து, இரும்புப் பிடி போட்டுச் சுவரோடு இழுத்துக் கட்டியிருந்தார்கள். முதுகுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடைவெளிதான். ஊசியக்கா இவருக்கு மேலவர் என்று பெயர் வைத்திருந்தாள். ஜன்னலோரம் இன்னொரு உருவம், இடுப்பிலிருந்து கணுக்கால் வரை மட்டும். அவர் கீழவர். ஏதோ ஒரு கால்வாய்க் கரையில் நெடுங்காலம் துணி துவைக்கும் கல்லாகக் கிடந்து வந்தவர். தேய்ந்து வழுவழுத்துப்போன பக்கத்தைச் சுவரோடு ஒட்டவைத்து, கட்டம் கட்டமாகத் தையல் கோடு செதுக்கிய நல்ல பக்கத்தை வெளியே காட்டி வைத்திருந்தார்கள். 'துறவி அல்லது அடியவர். கட்டங்கள் ஒழுங்கற்றவை, தேர்ச்சி குறைந்த சிற்பியின் வேலை' என்று அறிமுகம்.

இந்த வரியை எழுதியவர் பட்டியல் பிரிவு ஆராய்ச்சியாளர். அடிக்குறிப்பு என்பது அவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர். மழை வருமா என்று கேட்டால்கூட மூன்று ஆதாரம் சொல்லாமல் பதில் வராது. கெட்டவர் இல்லை. புத்தகங்களைக் கரைத்துக் குடித்தவர், அவ்வளவுதான்.

ஒரு திங்கட்கிழமை காலை கீழவரைச் சுவரிலிருந்து நகர்த்தி வைத்திருந்தார்கள். வேறொரு நாட்டு அருங்காட்சியகம் அவரைக் கேட்டிருந்தது. பதிலுக்கு முழுசாக ஒரு வெண்கலச் சிலை தருவதாகப் பேச்சு. வியாழக்கிழமை லாரி வருகிறது, போனால் போனதுதான், திரும்பி வராது. மூட்டை கட்டுவதற்கு முன் ஒருமுறை துடைத்துவிடு என்றார்கள். ஊசியக்கா ஈரத்துணியோடு போய், பதின்மூன்று வருடமாகப் பார்க்காத அந்தத் தேய்ந்த பக்கத்தின் முன்னால் உட்கார்ந்தாள்.

நடுவெல்லாம் சோப்புக்கட்டி மாதிரி வழுவழு. ஆனால் கணுக்காலுக்குப் பக்கத்தில், துவைக்கிறவர்களின் கை எட்டாத ஓரங்களில், கொஞ்சம் மிச்சமிருந்தது. வளைந்து வளைந்து இறங்கும் மடிப்புகள். மேலவரின் மார்பில் இருக்கும் அதே நீர்வளையம்.

அவள் எழுந்து கட்டம் போட்ட பக்கத்துக்கு வந்தாள். மேலிருந்து கீழாக ஐந்து பட்டைகள். முதல், மூன்றாம், ஐந்தாம் பட்டைகளில் குறுக்கே ஒரு தையல். இரண்டிலும் நான்கிலும் குறுக்குத் தையலே இல்லை. இதைத்தான் ஒழுங்கில்லை என்று எழுதி வைத்திருந்தார்கள். நேரே மேலவரிடம் போனாள். சுவருக்கும் முதுகுக்கும் நடுவே கையை நுழைத்தாள். துடைக்கும்போதெல்லாம் விரலில் நெருடிய வரப்புகள்தான். இதுவரை எண்ணிப் பார்த்ததில்லை, இப்போது எண்ணினாள். ஐந்து பட்டைகள். குறுக்குத் தையல் இரண்டிலும் நான்கிலும் மட்டும்.

ஊசியக்கா இன்னொரு தடவை எண்ணினாள். நாற்காலிக்குப் போகப் பொறுமையில்லாமல் தரையிலேயே உட்கார்ந்தாள். தைக்கத் தெரிந்த யாருக்கும் இது விளங்கும். ஒவ்வொரு பட்டையிலும் ஒரு நீளத் துண்டு, ஒரு குட்டைத் துண்டு. ஒரு பட்டையில் குட்டை மேலே வந்தால் பக்கத்துப் பட்டையில் கீழே வரும். மேலே இல்லாத தையல் கீழே இருக்கிறது, கீழே இல்லாதது மேலே இருக்கிறது. ஒரே ஆடை! ஒரே ஆள்! கீழவரை இத்தனை வருடமாகத் திருப்பி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அந்தப் பெரிய மனிதரின் பின்பக்கத்துக்கு மரியாதை செலுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். சிரிப்பும் அழுகையும் ஒரே சமயத்தில் முட்டிக்கொண்டு வந்தன.

ஓடிப்போய் அடிக்குறிப்பிடம் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார், பொறுமையாகப் பழைய கோப்பு ஒன்றை எடுத்தார், பொறுமையாகக் காட்டினார். "இதோ பாருங்கம்மா. நாப்பது வருஷத்துக்கு முன்னாடியே ரெண்டையும் பொருத்திப் பாத்திருக்காங்க. பொருந்தலை. கையெழுத்து இருக்கு."

"எந்தப் பக்கம் வெச்சுப் பாத்தாங்க சார்?"

"முன்பக்கம்தான். வேற எந்தப் பக்கம்?"

"அதுதான் சார் பின்பக்கம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "மேல இருக்கறவருக்கு முழுக்க மடிப்பு, கீழ இருக்கறவருக்கு முழுக்கக் கட்டம். பாணியே வேற. இதைப் பத்தி நான் கட்டுரையே எழுதியிருக்கேன்."

கட்டுரை எழுதியவரிடம் என்ன பேசுவது? ஊசியக்கா அன்று மதியம் மேலவரின் முதுகுக்குப் பின்னால் மெல்லிய துணியை நுழைத்து, பென்சில் கரியால் தேய்த்துப் படிவம் எடுத்தாள். கீழவரிடமும் எடுத்தாள். இஞ்ச் டேப்பில் அளந்து, உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். பட்டைக்கு நாலு இஞ்ச், இரண்டு பேரிடமும்.

செவ்வாய் வார விடுமுறை. வீட்டில் காலையிலேயே தையல் மிஷின் ஓடத் தொடங்கிவிட்டது. கணவர் எட்டிப் பார்த்தபோது அவருடைய படுக்கை விரிப்பு துண்டு துண்டாகக் கிடந்தது.

"ஏம்மா, நல்ல விரிப்பு ஆச்சே. இப்படியா கூறு போடுவாங்க?"

"மறுபடி தைச்சிடுவேன். இப்பத் தொந்தரவு பண்ணாதீங்க."

"எதுக்குன்னாவது சொல்லு."

சொன்னாள். அவர் வாயைப் பிளந்து கேட்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். "சரி, ஒருவேளை நீ சொல்றது தப்பா இருந்துச்சுன்னா?"

நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அடுத்த துண்டை எடுத்தாள். கணவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு தலையணை உறையையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

புதன்கிழமை இயக்குநர் அறை. அடிக்குறிப்பும் வந்து உட்கார்ந்திருந்தார். இயக்குநர் கறாரான பெண்மணி. இரண்டு வரிக்கு மேல் எழுதிய கடிதத்தைப் படிக்க மாட்டார், இரண்டு நிமிஷத்துக்கு மேல் பேசுகிறவரை உட்காரச் சொல்ல மாட்டார். ஊசியக்கா பேச்சை ஆரம்பிக்கவே இல்லை. மூட்டையைப் பிரித்து ஆடையை விரித்தாள். நடுவில் அளவெடுத்த ஐந்து பட்டைகள், நீளமும் குட்டையுமாகத் தைத்தது. இரண்டு பக்கமும் சுற்றிக்கொள்ள வெறும் துணி.

"யாராவது போட்டுக்கிட்டா நல்லா இருக்கும் மேடம்."

இயக்குநர் அடிக்குறிப்பைப் பார்த்தார். அடிக்குறிப்பு கூரையைப் பார்த்தார். கூரை உதவிக்கு வரவில்லை. பாவம், மனிதர் எழுந்து கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். ஊசியக்கா துணியை அவர் முதுகில் தட்டையாகப் பரப்பி, முன்னால் சுற்றி, முனையை இழுத்து இடது தோளில் போட்டாள். சட்டையும் பேனாவும் உள்ளே மறைந்தன. கதவோரம் நின்ற கடைநிலை ஊழியர் சிரிப்பை அடக்க இருமினார்.

"இப்பப் பாருங்க மேடம். முன்னாடி துணியை இழுத்துச் சுத்தினதால மடிப்பு விழுது. மடிப்பு விழுந்த இடத்துல தையல் கண்ணுக்குத் தெரியாது. முதுகுல துணி தட்டையா விழுது, அங்கதான் கட்டம் தெரியும். ஒரே துணிதான். முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணுன்னு ரெண்டு பாணி இல்ல."

இயக்குநர் எழுந்து வந்தார். அடிக்குறிப்பை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். இன்னொரு சுற்று. பிறகு ஊசியக்கா மேசையில் வைத்த இரண்டு கரிப்படிவங்களையும் மேலும் கீழுமாகச் சேர்த்து வைத்தார். ஐந்து பட்டைகளும் நேருக்கு நேர் வந்து நின்றன.

"மேலவரைக் கழட்டணும்னா அந்தப் பிடியை அறுக்கணும்" என்றார் இயக்குநர். அவள் வைத்த பெயரையே அவரும் சொன்னது யாருக்கும் உறைக்கவில்லை. "அறுத்த பிறகு பொருந்தலைன்னா நான் பதில் சொல்லியாகணும்."

"பொருந்தலைன்னா என்னைக் கூடத்தை விட்டு மாத்திடுங்க மேடம். வாசல் கேட்டுல போய் நின்னுக்கறேன்."

அந்தக் கூடத்தைவிட்டால் அவளுக்கு வேறு உலகம் இல்லை என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். அடிக்குறிப்பு ஆடையை அவிழ்க்கப் பார்த்து, முனை எங்கே என்று தெரியாமல் சுற்றிக்கொண்டே நின்றார்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் லாரி வந்து வாசலில் நின்றுவிட்டது. உள்ளே சங்கிலிக் கப்பி கட்டி, பிடியை அறுத்து, மேலவரைப் பட்டை பெல்ட்டில் தூக்கினார்கள். கப்பிக்காரர் முரட்டு ஆள், ஆனால் கை பூப் போல. கீழவரைத் திருப்பி, தேய்ந்த பக்கம் முன்னால் வரும்படி கூடத்தின் நடுவே நிறுத்தியிருந்தார்கள். ஊழியர்கள் மொத்தமும் சுவரோரம் நின்றது. ஊசியக்கா குட்டி போட்ட பூனை மாதிரி சிலையைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

மேலவர் அங்குலம் அங்குலமாக இறங்கினார். கல் கல்லைத் தொட்டது. கப்பிக்காரர் குனிந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "உக்காரலையே. ஒரு விரல் அளவு தூக்கிக்கிட்டு நிக்குது."

ஊசியக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. அவள் அளவு தப்பாது, ஆனால் அளந்தது துணியைத்தானே. உடைந்த இடத்தை அவள் அளக்கவில்லையே. அளந்திருக்கவும் முடியாது, அது சிமெண்ட் மேடைக்குள் புதைந்து கிடந்தது. இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வாசலில் லாரிக்காரர் ஒருமுறை ஹாரன் அடித்தார்.

அடிக்குறிப்புதான் முதலில் அசைந்தார். நாற்பது வருடக் கோப்பு தன் பக்கம் ஜெயித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், இஸ்திரி போட்ட கால்சட்டையோடு தரையில் மண்டி போட்டு, டார்ச் அடித்து, மேலவரின் உடைந்த விளிம்பைக் கீழிருந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"தூக்குங்க" என்றார். "இது கல் இல்ல. மேடையோட சிமெண்ட். பழைய ஆளுங்க பூசினது அப்படியே ஒட்டிக்கிட்டு வந்திருக்கு." பிறகு ஊசியக்காவைத் திரும்பிப் பார்த்தார். "நாப்பது வருஷத்துக்கு முன்னாடி சிமெண்டும் இல்லாம இருந்திருக்கும். பக்கம்தான் தப்பு. நீங்க சொன்னது சரியா இருக்கும்னுதான் தோணுது. உளி கொண்டு வாங்க."

உளியை அவரே வாங்கிக்கொண்டார். கால் மணி நேரம், கொட்டைப் பாக்கு அளவு கொட்டைப் பாக்கு அளவாகச் சிமெண்ட் உதிர்ந்தது. அவர் தலையெல்லாம் வெள்ளை. இன்னொரு முறை கப்பி இறங்கியது. மேலவர் கீழவரைத் தொட்டார், ஒரு மயிரிழை வலப்பக்கம் நகர்ந்தார், பிறகு 'கடக்' என்ற ஓசையோடு உட்கார்ந்தார். கப்பிக்காரர் பெல்ட்டைத் தளர்த்தினார். சிலை அசையவில்லை.

ஊசியக்கா பின்பக்கம் போனாள். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவிலிருந்து ஓடும் தையல் கோட்டில் ஆள்காட்டி விரலை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, கீழே இழுத்தாள். முதுகைக் கடந்தது, இடுப்பைக் கடந்தது, உடைந்த கோட்டைக் கடந்தது, விளிம்பு வரை போயிற்று. விரல் எங்கேயும் தடுக்கவில்லை. ஆயிரம் வருடத்துக்கும் முன்னால் எவனோ ஒருவன் ஒரே மூச்சில் இழுத்த தையல் அது. அதை அவள் விரல் படித்துவிட்டது.

"பிசகலை மேடம்!" என்று கத்தினாள். அந்தக் கூடத்தில் அவள் கத்தியது அதுதான் முதல் தடவை. "நூல் பிசகலை!"

அப்புறம் யார் முதலில் கை தட்டியது என்பதில் இன்றுவரை தகராறு இருக்கிறது. கப்பிக்காரர் தான்தான் என்கிறார். எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். இவ்வளவு காலமாக நெஞ்சளவில் பார்த்துப் பழகிய முகம் இப்போது எல்லாரையும்விட ஒரு தலை உயரத்தில் இருந்தது. ஊசியக்கா முன்பக்கம் வந்து நின்றாள். அழுதாள், அழுவதைப் பற்றி வெட்கப்படவும் இல்லை. ஜெயித்துவிட்டோம் என்றுதான் இருந்தது அவளுக்கு. தானும், இந்தக் கல்லைத் தட்டியவனும், அவனுக்கும் முன்னால் கந்தலைக் கட்டம் கட்டமாகத் தைத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவர்களும், எல்லாருமாகச் சேர்ந்து.

லாரிக்காரர் உள்ளே வந்தார். "எதை ஏத்தணும்?"

"ஒண்ணையும் ஏத்த வேண்டாம்" என்றார் இயக்குநர். "டீ குடிச்சிட்டுப் போங்க."

சிலையை எடுத்துக்கொள்ள இருந்த அருங்காட்சியகத்துக்குச் செய்தி சொல்லும் பொறுப்பு அடிக்குறிப்பின் தலையில் விழுந்தது. கூடத்தில் நின்றபடியே, சிமெண்ட் தூசியோடு போன் பேசினார். எதிர்முனையில் இருந்தவர் லேசில் விடுகிற ஆளாகத் தெரியவில்லை.

"இல்லைங்க, அனுப்ப முடியாது. அது தனிச் சிலை இல்ல, புத்தரோட பாதி... ஆமா, எங்க கட்டுரைல அப்படித்தான் இருந்துது. கட்டுரை தப்பு... எழுதினது நான்தான்... கண்டுபிடிச்சவங்களா? எங்க கூடத்துல வேலை பாக்கறவங்க. தையல்காரங்க... ஆமாங்க, தையல்காரங்கன்னுதான் சொன்னேன்... ஆதாரமா?"

அவர் ஊசியக்காவைப் பார்த்தார். நிமிர்ந்து நின்றுகொண்டார்.

"ஆதாரம் இருக்கு. நானே போட்டுக்கிட்டுப் பாத்தேன்."

ஊசியக்கா சிரித்த சிரிப்பில் கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.